மைதானத்துப் புல்லும் என் வீட்டு ஃபிட்டரும்

பட்டாபிராமில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பெரிய மைதானம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய மாணவர் தன் பண்ணை வீட்டை விற்றபோது, அங்கிருந்த புல்வெட்டி வண்டியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். சின்ன டிராக்டர் மாதிரி, மேலே உட்கார்ந்து ஓட்டுவது. அடியில் கவிழ்த்த தட்டு போல ஓர் இரும்புக் கூடு, அதற்குள் இரண்டு பிளேடுகள் சுழலும். கொடுத்தவருக்குச் சால்வை போர்த்தினார்கள். யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைதானம் என்றால் பி.டி. டீச்சர்தானே.

வெட்டிய புல்லை அது வலது பக்க வாய் வழியாகத் துப்பிக்கொண்டே போகும். புல் வரிசை வரிசையாகக் கிடந்து, மழை பட்டால் ஊறி நாறும். பிள்ளைகளின் ஷூவில் ஒட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் போகும். தலைமையாசிரியை சிஸ்டர் வராந்தாவில் கிடக்கும் ஒரு துரும்பைக்கூட விடமாட்டார். "டீச்சர், இது உங்க புல்லுதானே?" என்பார். என் புல்.

இதற்கு மல்ச்சிங் கிட் என்று ஒன்று இருப்பதை நெட்டில்தான் கண்டுபிடித்தேன். அந்த வாயை ஒரு தகடு போட்டு மூடிவிட வேண்டும். பிளேடுகளையும் மாற்ற வேண்டும். புல் வெளியே போக வழியில்லாமல் கூட்டுக்குள்ளேயே சுற்றி, திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டு, தூளாகி வேர்களுக்கு நடுவே விழுந்து உரமாகிவிடும். மூன்று முறை எழுதிக் கொடுத்த பிறகு பள்ளியில் வாங்கித் தந்தார்கள்.

மாட்டித் தர நான் ஆள் தேடியிருக்க வேண்டும். என் கணவர் அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் ஃபிட்டர். பெட்டியைப் பார்த்ததும், "இதுக்குப் போய் மெக்கானிக்கா? நான் ரயிலுக்கே சக்கரம் மாட்டிகினு கீறேன்," என்றார். அந்தச் சனிக்கிழமை ஜாக்கி, ஸ்பேனர்களோடு என்னுடன் பள்ளிக்கு வந்தார்.

பெட்டியில் இருந்த காகிதத்தை நான் படித்துச் சொன்னேன். முதலில் சாவியை எடுக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்ற வேண்டும்.

"அது இன்னாத்துக்கு? வண்டிதான் ஆஃப்ல கீதே."

"பிளேடைக் கையால சுத்தும்போது இஞ்சின் ஒரு இழுப்பு இழுத்தா விரல் போயிடும்னு போட்டிருக்கு. கழட்டுங்க."

கழற்றினார், எனக்காகச் செய்கிற உபகாரம் மாதிரி. ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, கீழே கட்டைகள் கொடுத்தோம். பிளேடு சுற்றாமல் இருக்க ஒரு மரத்துண்டைச் செருகி, ஸ்பேனரில் பைப்பை மாட்டி அழுத்திய பிறகுதான் பழைய போல்ட் அசைந்தது. அதுவரைக்கும் எனக்கும் அவர்மேல் மரியாதை இருந்தது.

புது பிளேடில் ஏதோ எழுத்துகள் பொறித்திருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "கம்பெனி பேருமா, உனுக்கு எதுக்கு?" என்றார். இரண்டையும் மாட்டி, தகட்டால் வாயை மூடி, அவரே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். பின்னால் நடந்து போன நான் பார்த்தது இதுதான்: புல் வெட்டுப்படவே இல்லை. அடிபட்டு, நுனி கிழிந்து, படுத்துக் கிடந்தது.

"புல்லு முத்திப்போச்சு," என்றார்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒயரை மறுபடி கழற்றவைத்து, செல்போன் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தேன். பிளேடுகள் தலைகீழாக இருந்தன. கூரான விளிம்பு பின்னால் போய், மொண்ணை முதுகு புல்லை அறைந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால், பொறித்திருந்தது கம்பெனி பெயர் இல்லை. இந்தப் பக்கம் புல்லை நோக்கி இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது; அந்தப் பக்கம்தான் மேலே இருந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன். "எழுத்து சின்னதா கீது," என்றார். திருப்பி மாட்டி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

அடுத்த வாரம் முழுக்க மழை. புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. சனிக்கிழமை வெயில் வந்ததும் அவர் எனக்கு முன்னால் பள்ளிக்குப் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தின் நடுவில் வண்டி நின்றிருந்தது. ஈரப் புல்லில், பிளேடை ஆகக் கீழே இறக்கி, வேகமாக ஓட்டியிருக்கிறார். கூட்டுக்குள் கடைந்த கீரை மாதிரி பச்சையாக அப்பிக்கொண்டு, பிளேடே சுற்றவில்லை. அதைச் சுரண்டி எடுக்க அவர் கையில் வைத்திருந்தது என் தோசைத் திருப்பி. வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். அப்படியானால் அடைத்துக்கொள்ளும் என்று முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

சுரண்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு சாவியை வாங்கிக்கொண்டேன்.

பதினோரு மணிவரை புல் காயட்டும் என்று காத்திருந்தேன். பிளேடை ஆக மேலே தூக்கி வைத்தேன். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்று காகிதத்திலேயே இருந்தது. இஞ்சினை முழு வேகத்தில் விட்டு, வண்டியை மட்டும் நடக்கிற வேகத்தில் செலுத்தினேன். போன வரிசையில் பாதியை மறுபடி மிதித்துக்கொண்டே அடுத்த வரிசை. சுவரோரம் நின்று அவர், "இன்னும் கொஞ்சம் வேகமா போ, இருட்டிடும்," என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வேகமாகப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு படி இறக்கி, இந்த முறை குறுக்கே ஓட்டினேன். மைதானம் சமமாக, சுத்தமாக இருந்தது. குனிந்து விரலால் கிளறினால்தான் தூள் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. சிஸ்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். கூட வந்தவர் கையில் நாலு காலிச் சாக்கு.

"டீச்சர், வெட்டின புல்லு எங்க?"

"அங்கதான் சிஸ்டர் இருக்கு. தூளா விழுந்துடுச்சு. அதுக்குத்தானே அந்த கிட்."

"இவர் மாடு வெச்சிருக்கார். நான்தான் வரச் சொன்னேன். இனிமே உங்களுக்குக் குப்பைத் தொல்லை இருக்கக்கூடாதுன்னு பார்த்தேன்."

மாட்டுக்காரர் மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "புல்லு கீதுன்னு இட்டாந்துட்டு, இன்னா சிஸ்டர் இது?" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். "அந்த கிட்டைக் கழட்டிட முடியுமா?"

ஷிஃப்ட் முடிந்து போல்ட்டுகளைச் சரிபார்க்க வந்து, ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "அஞ்சு நிமிஷம் சிஸ்டர்."

"யாரும் எதையும் கழட்டப் போறதில்ல," என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பின்சுவரை ஒட்டி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில், இன்னும் வெட்டாமல் கிடந்த ஒரு பட்டை நிலத்தை அப்படியே விட்டுவிடுகிறேன், அவர் வாரம் ஒரு முறை அரிவாளோடு வந்து அறுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். மாட்டுக்காரர் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பரவால்ல," என்றார். அன்றைக்கே அரிவாள் எடுத்துவந்து இரண்டு சாக்கு அறுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர் சொன்னார்: "பாத்தியா, நான் மாட்டினது எப்படி வெட்டுது."

வழியில் இருந்த பாத்திரக் கடையில் புதுத் தோசைத் திருப்பி ஒன்று வாங்கினேன்.