பெற்றோரிடம் தராத மாற்றுச் சான்றிதழ்கள்

எங்கள் உயர்நிலைப் பள்ளியை மூன்று கிலோமீட்டர் தொலைவில் கிரிவலப் பாதையிலுள்ள மேல்நிலைப் பள்ளியோடு இணைக்கும் ஆணை வந்தபோது, நான் அதன் தலைமையாசிரியராகப் பதினோராம் ஆண்டில் இருந்தேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் ஒரு நாளும் தாமதமாக வந்து கையொப்பமிட்டதில்லை. மெமோ எனப்படும் குறிப்பாணை ஒன்றுகூடப் பெற்றதில்லை. ஓய்வுக்கு ஓராண்டே இருந்தது. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைப் படிப்பவர், அதைச் செய்தவன் யார் என்பதை முதலில் அறிந்திருப்பது முறை.

ஊர், கிரிவலம் நடக்கும் மலைக்கு மேற்கே செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இணைப்பு என்பது எங்கள் பள்ளிக்குப் புதிதன்று. ஊருக்குள் ஒன்றும் காலனியில் ஒன்றுமாக இருந்த இரு தொடக்கப் பள்ளிகளைச் சேர்த்தே அது உருவாயிற்று. "எங்க பசங்க அவங்களோட ஒண்ணா உக்காரணுமா?" என்று அன்று கேட்ட குடும்பங்களே, பிற்பாடு அது உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்று காலனிக்காரர்களையும் உடன் அழைத்துக்கொண்டு மனுவோடு அலைந்தன. பிறகு நகரத்துத் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் ஊருக்குள் வரத் தொடங்கின. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரிசை பெஞ்சு காலியாயிற்று. கடைசி ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் பதினொரு பேர் இருந்தனர். அறிவியலுக்கு ஆசிரியர் இல்லாததால் நானே நடத்தினேன். வரலாறு படித்தவன் நடத்தும் இயற்பியல் எத்தகையது என்பதை மாணவர்கள் நாகரிகம் கருதி வெளியே சொல்லவில்லை. எனவே இணைப்பை நான் வரவேற்றேன்.

நடைமுறை எளியது. மாற்றுச் சான்றிதழை, அதாவது எல்லாரும் சொல்லும் டிசியை, பெற்றோரிடம் தர வேண்டும். அவர்கள் புதிய பள்ளியில் அதைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் எங்கள் எழுத்தர் எல்லாவற்றையும் அச்சிட்டு என் கையொப்பத்துக்கு வைத்தார்.

முதலில் வந்தவர் சாமந்தி பயிரிடும் ஒரு விவசாயி. பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடையும் போடுவார். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த மகளையும் அழைத்து வந்திருந்தார்.

"டிசி குடுத்துடுங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

"எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?"

"அதை அப்புறமா பாக்கலாம் சார். இப்ப என்ன அவசரம்?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். "பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாரு சார். அக்காவோட டிசியும் அங்கதான் இருக்குது."

"ஏய், வாயைக் கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார் தந்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பா நெனைக்காதீங்க சார். பௌர்ணமின்னா ஸ்கூல் விடற நேரத்துல அந்தப் பாதையில கால் வைக்க எடமில்ல. ஊரு பேரு தெரியாத ஜனம். பொட்டப் புள்ள எப்படி தனியா தாண்டி வருவா?" என்றார்.

"நீ கடை போடறதே அந்த ஸ்கூல் கேட்டாண்டதானய்யா?" என்றார் எழுத்தர். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தந்தை சிரிக்கவில்லை. அவருடைய அச்சம் பொய்யன்று. அந்தக் கூட்டத்தை ஆண்டுக்கணக்காக அருகிலிருந்து பார்த்தவர் அவர். ஆனால் அவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால், அவளுடைய படிப்பு அன்றோடு முடிந்தது. அதை எழுத்தரும் அறிவார், நானும் அறிவேன், அவளும் அறிந்திருந்தாள்.

வேறு பள்ளியில் இடம் கிடைத்ததற்கான சான்றைக் காட்டுவோருக்கு மட்டுமே சான்றிதழ் தருவேன் என்றும், மற்றவர்களுடையதை நானே புதிய பள்ளிக்குக் கொண்டுசெல்வேன் என்றும் சொன்னேன். ஆண், பெண் அனைவருக்கும் அதே விதி.

அவர் போன பிறகு எழுத்தர் கதவைச் சாத்தினார். "பெத்தவங்க கேட்டு டிசி குடுக்கலைன்னா மெமோ வரும் சார். ரிட்டயராகற நேரத்துல எதுக்கு சார் இது?"

"அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன் சார். அதுக்காக உங்க சர்வீஸ் ரெக்கார்டா?"

  கையொப்பமிட்ட சான்றிதழ்களைக் கோப்பில் கட்டி அலமாரியில் வைத்தேன்.

புகார் போயிற்று. வேங்கிக்காலில் உள்ள கல்வி அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டேன். மேலதிகாரி என்னைவிட இளையவர், மரியாதையாகவே பேசினார். "உங்க எண்ணம் புரியுதுங்க சார். ஆனா ரூல்ல எடமில்லையே" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு பக்க விளக்கத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அதில் மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. பத்து நாளில் குறிப்பாணை வந்தது. அதை நான் எவரிடமும் மறைத்ததில்லை. இதுவரை எவரும் கேட்டதுமில்லை.

பள்ளி திறந்த அன்று காலை, பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டரும் நடந்தேன். டீக்கடையிலிருந்து ஒருவர், "என்ன சார், இந்த வருசம் பகல்லயே கிரிவலமா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள்; நான் நடையை நிறுத்தவில்லை. அந்தப் பெண் வரிசையில் இல்லை.

புதிய பள்ளியின் தலைமையாசிரியை சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். அவளுடையதில் மட்டும் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு எங்க சார்?" என்றார். வருவாள் என்றேன். என்ன துணிவில் அதைச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் தந்தை அவளை மொபெட்டில் அழைத்து வந்து இறக்கிவிட்டாராம். "டிசி இங்க வந்து குந்திக்கிச்சு, வூட்ல இவ ஒரே அழுகை. நான் என்னதான் பண்றது?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டிருக்கிறார். பௌர்ணமி நாள்களில் அவள் பள்ளி விட்டதும் தந்தையின் கடைக்கே சென்று, அங்கிருந்து அவரோடு வீடு திரும்பினாள். பத்தாம் வகுப்பையும் முடித்தாள். பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்தாள்.

இணைப்பை முறியடிக்கவே நான் சான்றிதழ்களை முடக்கி வைத்தேன் என்று ஊரில் இன்றும் சிலர் பேசுகிறார்கள்; புதிய பள்ளியின் ஆண்டு மலரிலும் ஒருவர் அவ்வாறே எழுதியிருக்கிறார். அது தவறு. நான் இணைப்பை எதிர்க்கவில்லை. என் அலமாரியில் இருந்த சான்றிதழ்கள் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டும் பள்ளி திறந்த முதல் நாள் காலை பத்து மணிக்குள் புதிய தலைமையாசிரியையிடம் ஒப்படைக்கப்பட்டன.