பட்டியலின் முதல் வரி

மருத்துவமனைப் பதிவறையில் இருபது வருஷமாக நோய்ப் பெயர்களைக் கணினியில் ஏற்றும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலதிகாரி அறிக்கையை நீட்டினார்.

"ஆஸ்துமா பாதியா குறைஞ்சிருச்சு. மூச்சுத்திணறலுக்கு வச்சிருக்கிற ரெண்டு நெபுலைசர் மெஷின்ல ஒண்ணை வேற ஊருக்கு அனுப்பிடலாம்."

"குறையல சார். கூட்டம் சேர்ந்தா நம்மாளுங்க என்ன நோயா இருந்தாலும் கம்ப்யூட்டர் பட்டியல்ல முதல் வரியைத் தட்டிவிட்டுடுறாங்க. முதல் வரி சாதாரண இருமல்."

இதைப் பற்றி அவருக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"ஆதாரம் இருக்கா?"

ஆஸ்துமாவில் மூச்சிரைத்து மூன்று முறை வந்த தன் கணவரின் பதிவை வீறாப்பாகத் திறந்தாள். மூன்றிலும் சாதாரண இருமல். கீழே, பதிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். வீட்டு ஆள்தானே, வரிசையில் நிற்க வேண்டாமென்று அவசரமாகத் தட்டியது.

அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"நீங்களே இருமல்னுதானேம்மா போட்டிருக்கீங்க. மெஷினை அனுப்பிடலாம்."