மெக்கானிக் வீட்டுக் கம்ப்யூட்டர்

நான் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று இருபது வருடமாகப் பீற்றிக்கொள்கிறவன். அப்படிப்பட்டவனின் மானத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியது.

கல்யாணத்துக்காகக் கல்லூரியை முதல் வருடத்தோடு நிறுத்திய என் மனைவி, அஞ்சல் வழியில் பி.காம். சேர விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. ஃபோட்டோ ஏற்றுகிற பக்கம் வந்ததும் பிரவுசர் பட்டென்று மூடிக்கொள்ளும். திறந்தால் மறுபடி பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலாவது தடவை மூடிக்கொண்டதும் என்னைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தேன்.

முதலில் அணைத்துப் போட்டேன். பலிக்கவில்லை. நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழே பத்துத் தையல் மெஷின் ஓடுகிற யூனிட். அங்கிருந்து பஞ்சு பறந்து வந்து உள்ளே அடைத்துவிட்டது, அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கீழே போய், மெஷினுக்குக் காற்றடிக்கிற ஏர் கன்னால் ஊதினேன். அரைத் தலையணைக்குப் பஞ்சு வந்தது. பெருமை தாங்கவில்லை. மேலே கொண்டுவந்து மாட்டினால், அதே பக்கத்தில் அதே மாதிரி மூடிக்கொண்டது. மணி மூன்றரை.

அப்போதுதான் வாயை விட்டேன், அடுத்த வருசம் பார்த்துக்கலாமே என்று. கல்யாணமானதிலிருந்து வருடம் தவறாமல் நான் சொல்லிவருவது அது.

"நீங்க கொஞ்சம் எந்திரிங்க," என்றாள்.

அவளுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியன் எல்லாம் ஒரே பிசகோடு வந்தால் அவள் துணியைத் திட்ட மாட்டாள். ஒவ்வொரு மெஷினாக நிறுத்தச் சொல்லி, எதை நிறுத்தினால் பிசகு நிற்கிறதென்று பார்ப்பாள். இங்கேயும் அதையே செய்தாள். பிரவுசரின் மூலையில் வரிசையாக இருந்த குட்டிப் படங்கள் என்னவென்று கேட்டாள். எக்ஸ்டென்ஷன், கூடுதல் வசதிக்காகச் சேர்த்தது, ரொம்ப உபயோகம் என்றேன். அவள் ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் பெயரிலிருந்து நிரப்பி ஃபோட்டோ பக்கம் வரை போனாள். மூன்றாவதை அணைத்ததும் ஃபோட்டோ ஏறிவிட்டது. பாட்டு வீடியோக்களை இறக்குவதற்காக நான் மாட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் அது.

யார் போட்டது என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். கேட்காததால் நிஜமாகவே வெட்கமாக இருந்தது. எழுந்து போகவும் மனசு வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். இடையில் படிப்பு நின்றதற்கான காரணத்தைக் கேட்டிருந்தது. அவள் யோசிக்காமல் 'குடும்பச் சூழ்நிலை' என்று தட்டினாள். அந்தச் சூழ்நிலை பனியனும் லுங்கியுமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"நெசத்தையே எழுதிரு அம்மிணி," என்றேன்.

"சின்னக் கட்டமுங்க. அத்தனைக்கும் எடம் பத்தாது," என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினாள். மணி நாலு நாற்பது.