பியூலாவின் மூன்று பிடி

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த அந்த ஓட்டு வீட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சுடும் ரொட்டிக்கு ஆளுக்கு மூன்று பிடி மைதா என்பதுதான் கணக்கு. தராசும் கிடையாது, படியும் கிடையாது. வீட்டில் யார் யார் உண்டோ, அவரவர் பேரைச் சொல்லிக் குண்டானில் போட வேண்டும். ஷிப்டுக்குப் போனவருக்கும் உண்டு, காய்ச்சலில் படுத்தவருக்கும் உண்டு. பிறகு உப்பு, சர்க்கரை, மாவு பொங்கக் கொஞ்சம் கள், தண்ணீர் விட்டுக் கரண்டியால் ஒரு கலக்கு. அதோடு சரி, பிசையக் கூடாது. ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் சாயங்காலத்துக்குள் தானே பொங்கி நிற்கும். மணல் பரப்பிய அலுமினியப் பாத்திரத்துக்குள் இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுச் சுட்டால் தெருவே மூக்கை நீட்டும்.

இது லாசரஸின் குடும்ப வழக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் தபீதாள் சிரித்தாள். "ரொட்டிக்குக் கூடவா ஆஜர் எடுப்பாங்க?" பிறகு அவளே அதில் கெட்டிக்காரி ஆனாள். ஒரே மகள் பியூலா பிறந்தபோது ஆறு பிடி ஒன்பது பிடியாயிற்று.

1987-இல் பியூலா, கூட வேலை பார்த்த கங்காதரனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே பிலாய்க்கு ரயிலேறினாள். பையன் நல்லவன்தான், ஆனால் கிறிஸ்தவன் இல்லை. லாசரஸ் ரயில்வே ஷெட்டில் இரும்போடு இரும்பாகக் காலம் தள்ளிய மனிதர். குதித்தார்.

"இனிமே இந்த வூட்ல அவ பேர்ல ஒரு பிடி மாவு விழக்கூடாது. அந்தப் பையன் பேரு என் காதுலயும் விழக்கூடாது."

ஆனால் பெற்ற வயிறு பேச்சுக் கேட்குமா? அந்த டிசம்பரில் அவர் பின்பக்கம் சவரம் செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, தபீதாள் மகள் பேரை வாய்க்குள் முணுமுணுத்து மூன்று பிடி போட்டாள். அவசரம் அவசரமாகத் துணியைப் போட்டு மூடிவிட்டுத் தெரு அடிபம்புக்குத் தண்ணீருக்குப் போனாள். திரும்பி வந்து ஒன்பது பிடிக்கு உண்டான தண்ணீரைத்தான் ஊற்றினாள். ரொட்டி கல்லாக வந்தது.

அந்த வருஷம்தான் கள்ளுக்கடைகளையும் மூடியிருந்தார்கள். கள்ளுக்குப் பதில் கடை ஈஸ்ட் போட்டதால்தான் இப்படி என்று ஈஸ்ட்டைத் திட்டினாள். அடுத்த வருஷம் வேறு பேக்கரியில் வாங்கினாள், அதுவும் கல். அதற்கடுத்த வருஷம் தணலைக் குறைத்துப் பார்த்தாள், அடுப்பையே மாற்றிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மணி, "தேங்காய் உடைக்கலாம்க்கா" என்றாள். தபீதாளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள், பெண் இல்லாத வீட்டில் மாவு எப்படிப் பொங்கும் என்றுதான் நினைத்தாள். வருஷத்துக்கு ஒன்றாக வரும் மகளின் இன்லேண்ட் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஐந்தாவது டிசம்பரில் அடிபம்பின் கைப்பிடி உடைந்து கிடந்தது. போன சுருக்கில் காலிக் குடத்தோடு திரும்பினாள். அடுக்களை வாசலில் கால் நின்றுவிட்டது. குண்டான் துணி விலகியிருந்தது. லாசரஸ் மைதா டின்னுக்குள் கையை விட்டு, பூந்தொட்டியில் மண் போடுகிறவரைப் போல மெல்லப் போட்டார்.

"பியூலா... பியூலா... பியூலா."

மூன்று பிடி. ஷெட்டில் வேலை செய்த கையின் பெரிய பிடி.

தபீதாள் குடத்தை இறக்கி வைத்தாள். "இன்னாங்க பண்றீங்க?"

அவர் கையைப் பின்னால் மறைத்தார். சட்டையெல்லாம் மாவு. "ஒண்ணும் இல்ல. கம்மியா கீதேன்னு... வருசா வருசம் போடறதுதான்."

"அவ பங்கை நான்தான் போட்டுட்டேனே. அஞ்சு வருசமா போட்டுகினுதான் கீறேன்."

லாசரஸ் குண்டானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ... கல்லு மாதிரி வந்ததெல்லாம்?"

"நீங்க போட்டதும் நான் போட்டதும்தான். தண்ணி மட்டும் ஒம்போது பிடிக்கு."

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். முகமெல்லாம் வெள்ளையாயிற்று.

"சரி, நீங்க போட்டதை எடுத்துடறேன்" என்று அவள் குண்டானுக்குள் கையை விட்டாள்.

"வாணாம்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு குண்டானையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பையன் பேரு இன்னா?"

அவருக்கு அந்தப் பேர் மறக்கவில்லை என்பது தபீதாளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள். ஐந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேரை மூன்று முறை சொன்னாள்.

"கங்காதரன். கங்காதரன். கங்காதரன்."

"நான் போட்டது அவன் பங்குன்னு வச்சிக்க" என்றார் லாசரஸ். காலிக் குடத்தைக் கையில் எடுத்தார். "பன்னெண்டு பிடிக்குத் தண்ணி எவ்ளோ வேணும், சொல்லு. அம்மணி வூட்டுக் கெணத்துல எடுத்தாறேன்."

அன்று சாயங்காலம் ரொட்டி பொங்கி மூடியைத் தொட்டது. மெத்தென்று வந்தது. அவர்கள் இரண்டு பங்கைத் தின்றார்கள். மற்ற இரண்டு பங்கும் தட்டில் மூடி வைத்தபடியே இருந்தன. தபீதாள் மகளுக்கு எழுத ஒரு இன்லேண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லாசரஸ் எதிரில் உட்கார்ந்து, எழுத வேண்டியதை ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.