நாலாயிரத்து ஐந்நூறு குடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் தராசில் ப்ளீச்சிங் பவுடர் எடை போட்டேன்.

ராணி அக்காவின் தராசு அது. காசிமேட்டில் மீன் வாங்கி வந்து தெருத்தெருவாக விற்பவர். தட்டைத் தேய்த்துக் கழுவி, செய்தித்தாள் விரித்துக் கொடுத்திருந்தார். அப்படியும் ஓரத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது.

ஏன் இந்த வேலை என்கிறீர்களா?

வடசென்னை, காலடிப்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். எல்லோருக்கும் சேர்த்துத் தரைக்கடியில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப். அதற்கு முந்தின வாரம் பெய்த மழையில் சாக்கடைத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிட்டது. தெரிவதற்குள் இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒருத்தி ராணி அக்காவின் மகள் ஷாலினி. ஏழு வயது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள்.

சம்ப்பைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீர் நிரப்பியாயிற்று. மிச்சமிருந்தது, மருந்து போடுவது மட்டும். அது எப்போதும் மோட்டார் போடும் குமார் அண்ணனின் வேலை. அவருடைய அளவு, இரண்டு கைப்பிடி. மழைக்காலம் என்றால் மூன்று.

"அண்ணா, கையால அள்ளிப் போடாதீங்க. கணக்குப் போட்டுத்தான் போடணும்" என்றேன்.

"இன்னா பாப்பா, அஞ்சு வருசமா நான்தான் போட்டுகினு கீறேன். எவனாவது செத்தானா?"

"ஷாலினி மூணு நாள் ஆஸ்பத்திரில கெடந்துச்சே. அது போதாதா?" — இது ராணி அக்கா. குமார் அண்ணன் பவுடர் பாக்கெட்டைக் கீழே வைத்தார். "பாப்பா படிச்ச பொண்ணு. அது சொல்ற அளவுதான் போடணும். நீ போடு பாப்பா" என்றார் அக்கா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வேதியியலில் எம்.எஸ்ஸி. கல்லூரி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு மில்லிகிராம், மில்லிலிட்டர், கரைசல் கணக்கு எல்லாம் சொல்லித்தருகிறேன். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் நூறு முறை பெருமையடித்த விஷயம்தான். நூற்றியோராவது முறையும் அடித்துக்கொள்கிறேன்.

சும்மா விடுவேனா? டேப்பைப் பிடித்து அளந்தேன். எட்டடி நீளம், ஆறடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஐந்தடி. பெருக்கினால் இருநூற்று நாற்பது கன அடி. ஒரு கன அடிக்கு இத்தனை லிட்டர். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் குளோரின். புதுப் பாக்கெட் பவுடரில் குளோரின் நூற்றுக்கு முப்பத்து மூன்று பங்கு...

சுற்றிலும் பதினைந்து பேர். மொபைலில் நான் தட்டத் தட்ட, எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வேகமாகத்தான் தட்டினேன். பார்ப்பவர்கள் இருக்கும்போது விரல் தானாக வேகமெடுக்கும், இல்லையா?

"நானூத்திப் பன்னெண்டு கிராம்!"

மீன் தராசில் எடை போட்டோம். குமார் அண்ணன் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். பொடி சம்ப்புக்குள் போவதற்கு இன்னும் இரண்டு நிமிடம்தான்.

அம்மா அதுவரை படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகள் கணக்குப் போடுவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே அலுக்காது. சும்மா, ஆசைக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"தொட்டியில எம்மாம் தண்ணிடி கீது?"

"அறுபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது லிட்டர்மா."

"லிட்டரு எனக்கின்னாடி தெரியும்? குடத்துல சொல்லு."

எங்கள் பக்கம் தண்ணீருக்குக் குடம்தான் அளவு. பிளாஸ்டிக் குடம், ஒன்று பதினைந்து லிட்டர். வகுத்தேன்.

"நாலாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம் குடம்."

சிரித்தார்கள் பாருங்கள்... ராணி அக்கா தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாது, நாலாயிரமா? ஏம் பாப்பா, சம்ப்பு கட்டினாங்களா, ஏரி வெட்டினாங்களா? இது நானூத்தி அம்பது குடம்!"

"எப்படிக்கா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"மோட்டார் புட்டுகினப்ப ரொம்பிக் கெடந்த சம்ப்ப அடிவரைக்கும் நாங்கதானே மொண்டோம்? வூட்டுக்குப் பதினெட்டு குடம்னு இருபத்தி நாலு வூட்டுக்கும் பிரிச்சோம். மிச்சம் பதினெட்டு குடம். அதுல படியைக் கழுவிவுட்டோம். நீயே போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். நானூற்று ஐம்பது.

என் கணக்கை மறுபடி பார்த்தேன். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நான் தட்டியிருந்தது 283. புள்ளியைக் காணோம்.

தராசுத் தட்டிலிருந்த பொடியை முதலில் பாக்கெட்டில் திரும்பக் கொட்டினேன். அந்த நானூற்றுப் பன்னிரண்டு கிராமும் உள்ளே போயிருந்தால், போட வேண்டியதைப் போலப் பத்து மடங்கு. அதற்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் அந்தத் தண்ணீர். குமார் அண்ணனின் இரண்டு கைப்பிடியே என் எம்.எஸ்ஸி.யைவிடப் பத்திரம்!

புள்ளியை வைத்துத் திரும்பப் பெருக்கினேன். 6,792 லிட்டர். பதினைந்தால் வகுத்தேன்.

நானூற்று ஐம்பத்து மூன்று குடம்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். டேப், கன அடி, மொபைல் எல்லாம் சேர்ந்து சொன்னதற்கும், இடுப்பில் சுமந்தவர்கள் சொன்னதற்கும் வித்தியாசம் மூன்றே குடம்! எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் இவ்வளவு நெருக்கமாக விடை கொண்டுவந்தால், பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினாயா என்று கேட்பேன்.

எனக்கு ஒன்று புரிந்தது. ராணி அக்காவால் குடக் கணக்கில் பத்து மடங்கு தப்புப் பண்ண முடியாது. இடுப்பே காட்டிக்கொடுத்துவிடும். மில்லிகிராமை யார் சுமந்திருக்கிறோம்? அதனால்தான் அங்கே புள்ளி தொலைந்தாலும் நமக்கு வலிப்பதில்லை.

சரியான அளவு நாற்பத்தோரு கிராம். மீன் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும். நாற்பதில் நிறுத்தினேன். பக்கெட்டில் கரைத்து, பொடியிலுள்ள சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் குமார் அண்ணன் சம்ப்பில் ஊற்றினார்.

"இம்மாத்தூண்டா? இது ஒரு இட்லிக்குத் தொட்டுக்கக்கூடக் காணாதே!" என்றார்.

உண்மைதான். நாற்பது கிராம், கிட்டத்தட்ட ஏழு டன் தண்ணீருக்கு. அதிலும் குளோரின் என்று பார்த்தால் பத்து லட்சம் பங்கில் இரண்டு பங்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கொல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்... அன்றைக்குத்தான் எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். படிக்கட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்குமா? இந்த சம்ப் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம், அம்மா தெருக் குழாயிலிருந்து இரண்டாவது மாடிக்குத் தினமும் பத்துக் குடம் ஏற்றினார். ஒரு குடம் பதினைந்து கிலோ. வருடத்துக்கு ஐம்பத்தைந்து டன். பன்னிரண்டு வருடத்துக்கு...

துறைமுகத்துக்குப் போக எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்குமே கண்டெய்னர் லாரிகள், லாரிக்கு இருபத்தைந்து டன் என்று வைத்தால், அவற்றில் இருபத்தாறு லாரிச் சுமை. அதை ஒரு பெண் மாடிப்படியில் ஏற்றியிருக்கிறார், நான் நேரத்துக்குக் குளித்துப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காக. அம்மாவிடம் சொன்னேன்.

"உன்னை இடுப்புல தூக்கிகினு ஏறுனதையும் சேத்துக்கோடி. அது உட்டுப்போச்சு பாரு" என்றார்.

அரை மணி முடிந்தது. ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சின்னச் சோதனைக் குழாயில் சம்ப் தண்ணீரைப் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் சோதனைத் துளி விட்டேன். வெளிர் மஞ்சள். இருக்க வேண்டிய நிறம். எல்லோரும் அந்தக் குழாயைக் கைமாற்றிக் கைமாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

ராணி அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தார். பக்கத்தில் ஷாலினி. கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பிளாஸ்திரி.

"குடிக்கலாமா பாப்பா? நீ சொன்னாத்தான் குடுப்பேன்."

கொஞ்சம் முன்னால்தான் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர். இப்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கண்ணை மூடி, முதல் வரியிலிருந்து மனசுக்குள் இன்னொரு முறை கணக்கை ஓட்டினேன்.

"குடுங்கக்கா."

ஷாலினி குடித்தாள். மூக்கைச் சுளித்தாள். "ம்மா, ஒரு மாதிரி வாசன கீது" என்றாள். மொத்தத்தையும் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினாள்.

அதுவரைக்கும் நான் மூச்சே விடவில்லை... உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.