வாப்பாவின் காரில் கேட்ட சத்தம்

வாப்பா வாடகைக்கு ஹயர் ஓடிய கார் என்னைவிட வயதில் மூத்தது. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த உம்மா திரும்பி வந்தபோது, அதில்தான் விமான நிலையம் போய்க் கூட்டிவந்தோம். இனிப் போவதில்லை என்று உம்மா போனில் சொல்லியிருந்தார். வழியெல்லாம் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டும்போது விடிந்திருந்தது. வாப்பா வழக்கம்போல ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். கண்விழித்த உம்மா எட்டி அதை நிறுத்தினார். அப்போதுதான் எஞ்சினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. வாப்பா வேகம் கூட்டினால் அதுவும் விரைவாகத் தட்டியது.

“என்ன சத்தம் இது?”

“ரோட்டு சரியில்ல புள்ள,” என்றார் வாப்பா.

அது அண்மையில்தான் தார்க் காபட் போட்ட வழவழப்பான ரோடு.

மறுநாள் காலையில் உம்மாதான் கார் திருத்தும் கராஜ் பாஸுக்கு ஆளனுப்பினார். வாப்பா பொனட்டைத் திறந்துவைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டார். பாஸ் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒரு வயரைக் கழற்றியபோது மட்டும் தட்டல் அடங்கியது. அந்தச் சிலிண்டரின் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்றார். பிறகு ஒயிலை ஒரு பேசனில் இறக்கினார். அது பாகுபோல இறங்கியது.

“காக்கா, சத்தத்த அமத்தத் தடிச்ச ஒயில் ஊத்தி ஓடியிருக்கீங்க, என்ன?”

பாஸ் கேட்டதும் வாப்பா வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் பட்டதும் ஒயிலுக்குள் சின்னச் சின்னத் துகள்கள் மினுங்கின. என் பெருநாள் சட்டையின் ஜிகினாவைக் கரைத்து ஊற்றியதுபோல் அவ்வளவு அழகாயிருந்தது. உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் குனிந்து, ஒரு சொட்டைத் தொட்டு, விரல்களுக்கிடையில் வைத்து வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினை இறக்கி, கிராங்கையும் கடைந்தால்தான் சரிவரும், செலவு பெரிசு, அதுவரை காரை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு பாஸ் போனார்.

“நீ வந்து சேரும் வரைக்கும் ஓடினாப் போதும் எண்டு இருந்தன்,” என்றார் வாப்பா.

உம்மா கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, “என்ட பாஸ்போட்டுக்கு இன்னும் தவணை முடியல்ல,” என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம். அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் ஓடிப்போய், நாங்கள் எல்லோரும் பிளேனில் போகப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.