ஷிப்டுக்கு நடுவே ஒரு குடும்பம்

கம்பெனி பஸ் ஓட்டுகிறவனுக்கு, வேண்டாம் என்றாலும் ஏறுகிறவர்களின் வீட்டு விஷயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஷிப்ட் வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள்.

ஹாரன் அடித்த நாள்

வல்லக்கோட்டைப் பக்கத்து ஸ்டாப்பில் மேரி ஏறுவாள். அவள் கணவன் டேவிட்டுக்கு வேறு கம்பெனியில் நைட் ஷிப்ட். அவனை அவன் பஸ் இறக்கிவிடும் நேரத்தில்தான் நான் இவளை ஏற்றுவேன். வாரம் முழுக்க இருவரும் முகம் பார்ப்பது அங்கேதான். பார்த்ததும் சண்டைதான்: மோட்டார் ஏன் போடவில்லை, அம்மா போனை ஏன் எடுக்கவில்லை. ஒருநாள் பொறுமை போய் ஹாரன் அடித்தேன். மேரி திரும்பி, "ஒரு நிமிசம் நில்லுண்ணா! பாதிச் சண்டையோட போனா லைன்ல கையே ஓடாது" என்றாள்.

சத்தம் நின்றது

ஆர்டர் குறைந்து, டேவிட் வேலை பார்த்த லைனை நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களோடு அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேரி ஓவர்டைம் பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே போய், ஸ்டாப்பில் தனியாக நின்றாள். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "இப்ப சண்டையாவது இல்லையேம்மா" என்றேன்.

"சண்ட போட்டா மூஞ்சியாவது பாப்பாருண்ணா. இப்ப செவத்தப் பாத்துக்கினு குந்தினு கீறாரு."

கேன்டீன் வரிசை

மேரி விடவில்லை. தினமும் காலையில் அவனை எழுப்பி ஸ்டாப் வரை கூட்டிவர ஆரம்பித்தாள். வேலை தேடு என்று சொல்லவில்லை. கூட நட என்றுதான் சொன்னாளாம். தலைகுனிந்தே நின்றவன், மெல்ல என்னோடு பேசத் தொடங்கினான். எங்கள் கம்பெனி கேன்டீனுக்கு ஆள் எடுப்பதைச் சொன்னேன். "மெஷின் ஓட்டுனவன் கரண்டி புடிக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று பஸ்ஸில் மேரி அழுதாள். மறுநாளும் அவனோடுதான் நடந்து வந்தாள். அடுத்த வாரம் அவனே என் பஸ்ஸில் ஏறினான்.

முதல் நாள் மதியம், டேவிட் நிமிராமல் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். வரிசையில் எனக்கு முன்னால் மேரி. அவளோடு வேலை செய்யும் ஒருத்தி, "இன்னாடி, உன் வூட்டுக்காரரு இங்க வந்து சாம்பார் ஊத்துறாரு?" என்று சிரித்தாள். டேவிட்டின் கை அப்படியே நின்றுவிட்டது. மேரி தட்டை நீட்டியபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஆமா, எங்க வூட்டுக்காரருதான். உனக்கு இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லட்டா?"

இப்படி ஊர்க் குடும்பங்களையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீடு திரும்பினால், நம் வீட்டுச் சண்டையை மட்டும் நாமேதான் போட்டு முடிக்க வேண்டியிருக்கிறது.